அலுமினியத் தட்டில் ஒரு பாரை

2024 மார்ச் 5, செவ்வாய்

காலை முழுவதும் ஒரு பாரை மீனோடு மல்லுக்கட்டினேன். மச்சான் றொமேஸ் கரைக்கு வந்ததும் எனக்கென்று ஒதுக்கித் தந்த மீன். இருபத்தைந்து வருடமாக வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறேன், கோயிலில் புனிதர்களின் சுரூபங்களுக்கு நிறம் தீட்டுகிறேன். ஒரு மீனை எண்ணெய் வர்ணத்தில் கொண்டுவர முடியவில்லை. உடம்பு வந்தது, செதில் வந்தது. பார்த்தால் செத்த மீன். செத்த மீன்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இல்லை, சந்தையில் கிடக்கிற மீனுக்கு இருக்கிற உயிர்கூட இதற்கு இல்லை.

மனுசி யூலிற்றா குசினியிலிருந்து வந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"படத்தில கண்ணை ஏன் கடைசியில கீறுறியள்?"

"சுரூபத்துக்கும் கண் கடைசியிலதான்."

"சுரூபம் பழுதாகாதே. மீனுக்கு முதல் போறது கண். நீங்கள் செதிலை எண்ணி முடிக்கேக்க அதுக்கு வெள்ளை விழுந்திட்டுது."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், கண் பால் ஊற்றினது மாதிரிக் கிடந்தது. நானும் அதை அப்படியே கீறி வைத்திருக்கிறேன். மனுசி இருபது வருடமாக மீன் வெட்டுகிறவள், கருவாடு போடுகிறவள், அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் கோபம் வந்தது. கடற்கரையில் பிறந்த எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

மத்தியானம் அந்த மீனைக் குழம்பு வைத்தாள். பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9, சனி

வவுனியா ஓவியக் கண்காட்சிக்குப் படிவம் எடுத்து வந்தேன். யூன் நடுவில் நடக்கும். வடக்கு முழுக்க இருந்து வரும் படங்களில் இருபதைத்தான் எடுப்பார்கள். நான் மூன்று முறை அனுப்பி மூன்று முறையும் திரும்பி வந்தவன். ஊரில் என்னைப் பகிடியாக 'ஆட்டிஸ்ட்' என்கிறார்கள். ஒரு சுவரிலும் ஒரு படமும் தொங்காத ஆட்டிஸ்ட். இந்த முறையும் எடுபடாவிட்டால் தூரிகைகளை எறிந்துவிட்டு மதிலுக்கு வெள்ளை அடிக்கப் போகலாம். நாற்பத்தெட்டு வயதில் இன்னும் எத்தனை முறை?

மார்ச் 12, செவ்வாய்

"மிச்சம் கிடக்கிற துணித் துண்டில நானும் ஒண்டு கீறட்டே?" என்று யூலிற்றா கேட்டாள். சிரித்துக்கொண்டு ஓம் என்றேன். மயிர் கொட்டின இரண்டு தூரிகையும் பிதுக்கி முடிந்த குழாய்களும் கொடுத்தேன்.

வர்ணத்தில் கலக்கவென்று கொழும்பிலிருந்து எடுப்பித்த ஆளிவிதை எண்ணெய்ப் போத்தலை மட்டும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அவளுக்குக் கோயில் கதவுக்கு அடித்து மிஞ்சின காய்ச்சின எண்ணெய் போதும். விளையாட்டுக்குத்தானே.

மார்ச் 20, புதன்

விளையாட்டில்லை.

அவள் ஒரு அலுமினியத் தட்டைக் கீறியிருக்கிறாள். தட்டு, குழம்புக்குப் பிழிய வைத்திருந்த ஒரு தேசிக்காய், வேறொன்றும் இல்லை. தட்டு மினுங்குகிறது. நான் வள்ளத்து எழுத்துக்குப் பாவிக்கிற வெள்ளிப் பெயின்ற் தகரத்தைத் திறந்து பார்த்தேன், தொடப்படவில்லை. எதைக் கொண்டு மினுக்கினாய் என்று கேட்டேன்.

"நீலமும் மண்ணிறமும். எப்பன் வெள்ளை, துளிதான். இஞ்சாருங்கோ, தட்டில வெள்ளி நிறம் இல்லை. சுத்திவர இருக்கிறதுதான் அதில தெரியுது. வாசல் தெரியுது, என்ர சட்டை தெரியுது, தேசிக்காய் தெரியுது. அதைத்தான் கீறினனான்."

நான் யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் படித்தவன். இந்த இரண்டு வசனத்தை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. என் மீன்கள் எல்லாவற்றுக்கும் வெள்ளிப் பெயின்ற் அடித்திருக்கிறேன். அவை எல்லாம் தகர மீன்கள்.

"பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். பரவாயில்லையாம். வாய் கூசாமல் சொன்னேன்.

மார்ச் 27, புதன்

பாஸ்குத் திருநாளுக்கு முன் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். கோபம் என்று சொன்னேன், சோம்பல் என்று சொன்னேன். பொறாமை என்று சொல்லவில்லை. சொன்னால் யாரில் என்று கேட்பார். சொந்த மனுசியில் என்று எப்படிச் சொல்வது? சுவாமியாருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

வயிறு எரியுது. உபவாசத்தால் இல்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

மீனை விட்டுவிட்டேன். மேசையில் வெல்வெட் துணி, நான்கு அப்பிள், வைன் பிழிகிற முந்திரிகைப்பழக் குலை ஒன்று, சுவாமியாரிடம் கேட்டு வாங்கின வெறும் வைன் போத்தல். புத்தகங்களில் பார்த்த மாதிரி. பளபளப்பு வரவேண்டும் என்று நல்ல எண்ணெயைத் தாராளமாகக் கலக்கிறேன். பழங்கள் தேனில் முக்கினது மாதிரி வருகின்றன. இது எடுபடும்.

அங்கே குசினி வாசலில் அவளும் பெரிய துணியில் தொடங்கிவிட்டாள். அதே தட்டு, அதில் ஒரு பாரை. அவள் செய்கிற விதத்தைக் கதவு மறைவில் நின்று பார்த்தேன். ஆம், என் வீட்டில் நானே களவாகப் பார்த்தேன். மீன் வந்தவுடன் கண்ணையும் செவுளையும் கீறுகிறாள். ஒன்பது மணிக்குத் தூரிகையை வைத்துவிட்டு அந்த மீனை வெட்டிக் குழம்புக்குப் போடுகிறாள். அடுத்த நாள் இன்னொரு பாரை, அதன் முதுகு. மூன்றாம் நாள் இன்னொன்று, அதன் வயிறு; நான்காம் நாள் வால். நான்கு மீனில் ஒரு மீன். ஒன்றும் பழுதாகவில்லை, ஒன்றும் வீண்போகவில்லை, நாங்கள் வாரம் முழுக்கப் பாரைக் குழம்பு சாப்பிட்டோம்.

நான் ஒரு துண்டையும் ருசித்துச் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

அவளுடையது முடிந்துவிட்டது. மீனின் கண்ணுக்குள் எங்கள் வாசல் தெரிகிறது, ஒரு அரிசிமணி அளவில். நான் கிட்டப் போய்த்தான் கண்டுபிடித்தேன்.

"எப்பிடி இருக்கு?"

"எடுபடுமோ தெரியாது. அங்க பெரிய பெரிய ஆக்கள் அனுப்புவினம்."

"அனுப்பிப் பாப்பமே. உங்கடயோட சேர்த்து."

ஓம் என்றேன். வேறென்ன சொல்வது?

மே 7, செவ்வாய்

என் படம் காயவில்லை. நல்ல எண்ணெய் மெல்லத்தான் காயும், அதிலும் நான் அள்ளி ஊற்றியிருக்கிறேன். சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. கதவைப் பூட்டி வைத்தும் அப்பிள்களில் மணல் ஒட்டியிருக்கிறது. விரல் வைத்தால் விரல் அடையாளம்.

அவளுடையது கல்லு மாதிரிக் காய்ந்து கிடக்கிறது. கதவு எண்ணெய்! நான் கொடுத்த கதவு எண்ணெய்!

மே 9, வியாழன்

இதை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன்.

நாளைதான் கடைசி நாள். இரண்டு படத்தையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு டவுனில் பிறேம் போடுகிற றிஸ்கானின் கடைக்குப் போனேன். அவன்தான் எல்லாருடைய படத்தையும் தன் வான் வண்டியில் வவுனியாவுக்குக் கொண்டுபோகிறவன். அப்பிள் படத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டுக் கையைத் துடைத்தான்.

"அண்ணன், இது காய ஒரு மாசம் போகும். இப்ப பிறேம் போட்டா பிறேமோட ஒட்டிரும்."

பிறகு மற்றதைச் சுற்றியிருந்த துணியை விலக்கினான். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தான்.

"இத ஏன் ஒளிச்சு வெச்சீங்க? உங்கட கையில இவ்வளவு நாளா வந்ததுல இதுதான் படம்."

இது என்னுடையதில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். வாய் திறக்கவில்லை. அவன் படிவத்தை எடுத்துத் தன் வடிவான கையெழுத்தில் 'மத்தேயு, முல்லைத்தீவு' என்று நிரப்பிவிட்டு, படத்தில் பெயர் இல்லையே என்றான். மெல்லிய தூரிகையைக் கேட்டு வாங்கி மூலையில் என் பெயரை எழுதினேன். படிவத்தின் அடியில் இது என் சொந்த ஆக்கம் என்று ஒப்பமும் வைத்தேன். ஒப்பம் ஒரு கோணலும் இல்லாமல் வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

அப்பிள்களை அவனுடைய கடையிலேயே காய விட்டுவிட்டு வந்தேன்.

"ரெண்டையும் குடுத்திட்டியளோ?" என்று யூலிற்றா கேட்டாள்.

"ஓம்."

மே 24, வெள்ளி

வவுனியாவிலிருந்து அழைத்தார்கள். எடுபட்டுவிட்டது.

பக்கத்தில் நின்றவள் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். "அப்பிள் எடுபட்டிட்டுது, என்ன? நான் சொன்னனான்தானே." சிரித்தபடி கண்ணைத் துடைத்தாள். எனக்காக. பிறகு மெல்லக் கேட்டாள்: "என்ர?"

"இல்லை."

"அது சரி. நான் என்ன படிச்சனானே."

பின்னேரம் அயல் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். இரவு நண்டுக் கறியும் புட்டும். "இனி உங்களை ஒருத்தரும் பகிடி பண்ணேலாது" என்றாள். நான் தலையைக் குனிந்தபடி நண்டுக்காலை உடைத்துக்கொண்டிருந்தேன்.

மே 27, திங்கள்

தன் தூரிகைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பழைய தலையணை உறையில் சுற்றி, என் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.

"இனி உங்களுக்குத்தான் தேவைப்படும்."

ஒளிக்க மாட்டேன், நிம்மதியாக இருந்தது. இந்த வீட்டில் மறுபடியும் ஒரு ஓவியர்தான்.

யூன் 2, ஞாயிறு

பூசை முடிந்து வர, றொமேஸ் ஒரு பெரிய பாரை கொண்டுவந்து தந்தான். போன மாதம் என்றால் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "இஞ்ச பாருங்கோ, செவுளுக்குக் கீழ எப்பன் மஞ்சள் ஓடுது" என்று எனக்கும் காட்டுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இன்று பார்க்கவில்லை. பலகையில் வைத்தாள், தலையை வெட்டினாள், சட்டியில் போட்டாள்.

நிம்மதி எங்கே போனது? ஒரு கிழமைகூட நிக்கேல்லையே. நான் கேட்டது இதைத்தானே? அவள் விடவேணும் எண்டுதானே? விட்டிட்டாள். இப்ப என்ன, மத்தேயு?

யூன் 5, புதன்

சொல்லிவிட்டேன். கருவாட்டுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். முன்னால் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்: றிஸ்கான் கடை, படிவம், மூலையில் எழுதின பெயர்.

நிமிர்ந்தாள். முகம் முழுக்க வெளிச்சம்.

"அப்ப மீன் எடுபட்டதோ?"

அதுதான் முதலில் கேட்டது. ஓம் என்றேன். என்ர மீன், என்ர மீன் என்று இரண்டு தரம் சொன்னாள். பிறகுதான் மற்றது மெல்ல மெல்ல இறங்கியது. உப்புக் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"பொறாமையிலயோ?"

"ஓம்."

"பேரைக் கேட்டிருந்தாத் தந்திருப்பன். இருபது வருசமா வேற என்னத்தைத் தராமல் விட்டனான்? ஆனா எடுபடேல்லை எண்டு சொன்னியள் பாருங்கோ. நான் அதை நம்பி எல்லாத்தையும் கழுவி வச்சனான்."

சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

யூன் 6, வியாழன்

சாப்பாடு மேசையில் இருக்கிறது, ஆள் இல்லை.

யூன் 8, சனி

"திங்கட்கிழமை வவுனியாவுக்குப் போவம்" என்றாள். மூன்று நாளில் இந்த ஒரு வசனம்.

யூன் 10, திங்கள்

கோயிலுக்கு உடுக்கிற சேலையில் வந்தாள். கண்காட்சிக்குப் பொறுப்பான கிருசாந்தி என்ற பெண் பிள்ளைக்கு முப்பது வயது இருக்கும். அவவிடம் நானே சொன்னேன். சொல்லச் சொல்ல அவ என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தா. கடைசியில் யூலிற்றாவைப் பார்த்துப் பேசினா.

"அக்கா, பட்டியல் அச்சாகிப் போச்சு. பேரை மாத்தேலாது. பொய் ஒப்பம் எண்டு நான் மேல சொன்னால் படத்தைக் கழட்டத்தான் வேணும். நீங்கள் விரும்பினா, இந்தக் கதையை நான் கேக்கேல்லை எண்டு விடுறன். மீன் இஞ்ச தொங்கும். நல்ல இடம் வச்சிருக்கிறம். ஆனா அண்ணற்ற பேரிலதான் தொங்கும்."

படம் வாசலுக்கு நேரே, முதல் சுவரில். நானூறு ஐந்நூறு பேர் பார்ப்பார்கள். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், தொங்கட்டும் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு ஆசை எட்டிப் பார்த்தது.

அவள் போய்ப் படத்துக்கு முன்னால் நின்றாள். சுவரில் தொங்குகிற தன் படத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மூலையில் கிடந்த என் பெயரை விரலால் தொட்டாள்.

"கழட்டித் தாங்கோ, தங்கச்சி."

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தாள். ஒட்டுசுட்டானில் ஏறின ஒரு மனுசி, இதை ஆர் கீறினது பிள்ளை என்று கேட்டா. யூலிற்றா மூலையைக் கையால் மூடிக்கொண்டு "நான்தான்" என்றாள்.

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

யூன் 21, வெள்ளி

அப்பிள் படம் காய்ந்து வந்தது, மணலோடு. றிஸ்கான் ஒன்றும் கேட்கவில்லை. கேள்விப்பட்டிருப்பான்.

நல்ல எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் குசினி யன்னலில் வைத்தேன். அவள் தொடவில்லை. கதவு எண்ணெய்தான் கெதியாய்க் காயும் என்கிறாள். அப்படியென்றால் ஏதோ கீற யோசிக்கிறாள்.

யூலை 6, சனி

சட்டத்தில் புதுத்துணி அறைந்து, வெள்ளை பூசிக் காயவிட்டிருந்ததைக் காலையில் குசினி வாசலுக்குக் கொண்டுவந்தாள். றொமேஸ் மீனோடு வந்தான். இன்றைக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். தட்டும் இல்லை, தேசிக்காயும் இல்லை. மேசை வெறுமையாக இருந்தது.

மெல்லிய தூரிகையை எடுத்தாள். வெறும் வெள்ளைத் துணியின் வலப்பக்க மூலையில், குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு யூலிற்றா என்று எழுதினாள். எழுத்துக் கோணல். நான் நூறு வள்ளத்துக்குப் பெயர் எழுதினவன், அந்த 'றா'வைத் திருத்தச் சொல்லிக் கை துருதுருத்தது. வயிறு இன்னும் எரிகிறதா என்று கேட்டால், ஓம், எரிகிறது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இது காயட்டும்," என்றாள், என்னைப் பார்க்காமல். "பிறகு மீன் வைப்பம்."