மஹீரா கட்டும் ஊர்

கோவளம்,
6.1.2003

அன்புள்ள மச்சானுக்கு, உங்கள் ஷரீபுன்னிசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மகளும் நலம். தம்மாமில் குளிர் ஜாஸ்தி என்றீர்கள். நான் வாங்கிக்கொடுத்த ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை ஃபோனில் கம்ப்யூட்டரை உங்கள் தம்பி அஹதிடம் கொடுத்துவிடச் சொன்னீர்கள். நான் ஒன்றும் பேசவில்லை. ஃபோன் இருப்பது உங்கள் தம்பி கடையில், அவரும் பக்கத்திலேயே நின்றிருந்தார். அதனால்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டரை நான் கொடுக்கப்போவதில்லை. நேற்று ஆட்டோவோடு எடுத்துப்போக வந்தார். டீ போட்டுக் கொடுத்து வெறும் ஆட்டோவை அனுப்பிவைத்தேன். "இன்னா அண்ணி, அண்ணன் பேச்சுக்கு இந்த வூட்ல மருவாதியே இல்லியா?" என்று கேட்டார். அண்ணனுக்கு நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் உங்களிடம் சொன்னது பொய்யில்லை. காலாண்டுப் பரீட்சையில் மஹீரா கணக்கில் தேறவில்லை. ஸ்கூல் விட்டு வந்தால் யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. எல்லாம் உண்மை. ஆனால் புதிதாக ஆரம்பித்த டிராவல்ஸுக்கு பில் போட ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்ட பிறகுதான் உங்கள் தம்பிக்கு அவள் படிப்பின் மேல் இத்தனை அக்கறை வந்தது. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் விளையாடுவது நீங்கள் அனுப்பிய சிடியில் இருக்கும் ஊர் கட்டும் விளையாட்டு. முதலில் வெறும் பொட்டல்தான் இருக்கும். ரோடு போட்டு, வீடு கட்டி, தண்ணீரும் கரண்டும் கொண்டுவந்தால் ஜனங்கள் குடி வருவார்கள். ஏதாவது குறை வைத்தால் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். சுடுவது, குத்துவது எதுவும் கிடையாது.

சாயங்காலம் மஃரிப் பாங்கு கேட்டதும் டிவி, டேப் எல்லாம் நிற்க வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து நானும் அதை மாற்றியதில்லை. பாங்கு கேட்டால் கம்ப்யூட்டர் ஒயரையும் பிடுங்கிவிடுவோம். நான் இருந்தால் நான், உங்கள் தம்பி இருந்தால் அவர். மறுநாள் இவள் முன்னைவிட மும்முரமாக உட்காருவாள். சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையாகிவிட்டாள் என்று நானும் திட்டித் தீர்த்தேன்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தும் ஷபானாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். கட்டியதை 'சேவ்' செய்துவிட்டுத்தான் அணைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் எல்லாம் அழிந்துவிடுமாம். யோசித்துப் பாருங்கள் மச்சான். பிள்ளை நோன்புக்கு முன்னாலிருந்து தினமும் பொட்டலிலிருந்து ஊர் கட்டியிருக்கிறாள், தினமும் நாம் அதை அழித்திருக்கிறோம். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "பாங்கு சொன்னா ஊரு போய்டும்னு நெனச்சேம்மா, அதான் சீக்கிரம் சீக்கிரம் கட்டினேன்" என்றாள். விளையாட்டின் சட்டமே அதுதான் என்று நினைத்திருக்கிறாள். அவளைத் திட்டியதெல்லாம் என் நெஞ்சில் குத்தியது.

அன்றிலிருந்து நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருகிறேன். வீட்டுப்பாடம் முடித்து, சாப்பிட்ட பிறகுதான் விளையாட்டு. பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் சொல்லிவிடுவேன், அவளே சேவ் செய்து அவளே அணைப்பாள். பிறகு ஒளூ செய்துவிட்டுத் தொழ வருவாள். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் இறங்கிவரவில்லை. கட்டியது நாளைக்கும் இருக்கும் என்று தெரிந்த பிறகு அடம் தானாகக் குறைந்துவிட்டது. சும்மா உட்காராமல் நானும் கேள்வி கேட்பேன். இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், இவர்களுக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வரும், வரியை ஏற்றினால் பாவம் அவர்கள் என்ன செய்வார்கள் என்றெல்லாம். கூட்டலும் கழித்தலும் விரலில் போடுகிறாள். அரையாண்டில் கணக்கில் நல்ல மார்க்கோடு பாஸ். ரேங்க் கார்டை உங்கள் தம்பி கேட்கவில்லை, நானாகக் காட்டினேன்.

ஊருக்கு அவள் முதலில் கட்டுவது ஏர்போர்ட்தான். நம் வீட்டை அதன் பக்கத்திலேயே வைத்திருந்தாள். இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். சனிக்கிழமை பார்க்கிறேன், ஏர்போர்ட்டைக் காணோம், வெறும் மண்ணாக இருக்கிறது. முந்தின நாள்தான் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் லீவு இல்லை என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். கோபத்தில் இடித்துவிட்டாள் என்று நினைத்து, கோபத்தில் எதையும் இடிக்கக்கூடாது என்று புத்தி சொல்ல ஆரம்பித்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், வெகு சாதாரணமாகச் சொன்னாள்: "அத்தா வந்துட்டாங்கம்மா. ஏர்போர்ட் இருந்தா திரும்பப் போய்டுவாங்க."

நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

உங்கள் பேச்சை இதுவரை நான் தட்டியதில்லை. இதைத் தட்டுகிறேன். கோபம் இருந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள், அவளுக்கு மட்டும் நல்ல வார்த்தை எழுதுங்கள். உங்கள் தம்பிக்கு பில் போட வேண்டுமென்றால் அவள் ஸ்கூலுக்குப் போன நேரத்தில் இங்கே வந்து போட்டுக்கொள்ளட்டும், டீ நான் தருகிறேன். சிடி மட்டும் அதிலேயே இருக்கும்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும் சீக்கிரமே லீவையும் தரட்டும். வரும் தேதியைச் சொல்லுங்கள், நீங்கள் வந்து இறங்க மறுபடியும் ஏர்போர்ட் கட்டச் சொல்கிறேன். திரும்பிப் போவதற்கு அவளிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
வழிபார்த்திருக்கும்
ஷரீபுன்னிசா