டீசலுக்கு எதற்கு ஹீட்டர்

அன்னவாசல்,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் வெற்றிசெல்வனுக்கு அம்மா பரிமளா எழுதுவது. இங்கே நான் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன், நீயும் அந்தப் பனியில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும் என்று கருப்பரை வேண்டிக்கொள்கிறேன். ஆனால் இப்போது கருப்பர் கோயில் பக்கம் போகவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், பிறகு கேட்டால் பட்டாளத்தில் டவர் இல்லை என்பாய், அதையும் நான் முழுதாக நம்புவதில்லை.

போன வருஷம் லீவில் வரும்போது மணாலிப் பக்கம் ஒரு பழைய லாரியை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தாயே, அதை என் அண்ணன் மகன் உடையப்பன்தான் அறந்தாங்கியில் தேங்காய் ஏற்றித் திருச்சியில் இறக்கிவிட்டு வருவான். மூன்று மாதமாக டீசல் கையைக் கடித்தது. இரண்டு நடைக்கு வந்த டீசல் ஒன்றரை நடையிலேயே தீர்ந்தது. கேட்டால், பழைய வண்டி அப்படித்தான் குடிக்கும் அத்தை என்றான். நான் விடுவேனா? மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவி, டேங்கில் விட்டுப் பார்த்து, நனைந்த இடத்தில் கத்தியால் கோடு கீறி, அதை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்தேன். டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்படியும் கோடு கூடுதலாகத்தான் இறங்கியது, சரி, கள்ளச்சாவி போட்டிருக்கிறான் என்று முடிவுகட்டினேன். அவன் புது செல்போன் வாங்கியிருந்தது கண்ணை உறுத்தியது. சட்டையில் டீசல் வாடை அடித்தது. டிரைவர் சட்டையில் பின்னே மல்லிகைப்பூவா மணக்கும், ஆனால் அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவன் தங்கச்சி சத்யாவுக்கும் உனக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசிப் பூவும் வைத்தாயிற்று. அவளுடைய அண்ணனைத் திருடன் என்று வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் சொல்லாமல் செய்தேன், அது இன்னும் கேவலம். ஆடி வெள்ளியன்று அவனைக் கருப்பர் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடத்தை ஏற்றி, டீசலை நான் தொடவில்லை என்று அணைத்துச் சத்தியம் பண்ணு என்றேன். என்னை ஒரு தடவை பார்த்தான். உள்ளங்கையால் ஒரே அடியாக அடித்து அணைத்தான். லாரிச் சாவியைத் தட்டில் வைத்துவிட்டு, நான் வாரேன் அத்தை என்று நடந்தே போய்விட்டான். அப்போதும் என் புத்தி, பாவி பொய்ச்சத்தியத்துக்கும் துணிந்துவிட்டானே என்றுதான் நினைத்தது.

வேறு டிரைவர் பிடித்தேன். அவனை மட்டும் நம்புவேனா, நானே பக்கத்தில் உட்கார்ந்து திருச்சிக்குப் போனேன், டீக்குக்கூட இறங்கவில்லை. அவன் ஓரங்கட்டி ஒதுங்கியபோதும் டேங்க் பக்கம் போகிறானா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து சிம்பை விட்டுப் பார்த்தால் கோடு அதே கணக்காக இறங்கியிருக்கிறது.

புதுக்கோட்டையில் மெக்கானிக் ஆத்மநாதனிடம் வண்டியை விட்டேன். இஞ்சினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தவர், டீசல் பில்டருக்கு அடியில் உள்ளங்கை அளவில் ஒரு சாமானைக் காட்டினார். அதைச் சுற்றித்தான் ஒழுகுகிறது, இஞ்சின் ஓடும்போது மட்டும் ஒழுகுகிறது, நிறுத்தினால் நின்றுபோகிறது, அதனால்தான் நம் வாசலில் ஒரு சொட்டும் விழவில்லை. இது ஹீட்டரும்மா, பனி ஊர்ல டீசல் கட்டிப்போகாம சூடு காட்டுறது, இங்கிட்டு நானே இப்பத்தான் பாக்குறேன் என்றார். குழாயைத் திறந்தாலே வெந்நீர் கொட்டுகிற ஊரில் டீசலுக்கு எதற்கு ஹீட்டர், இந்த ஆளும் உடையப்பனும் கூட்டு என்றே நினைத்தேன். துடைக்கச் சொல்லி, ஓட்டச் சொல்லி, மறுபடி துடைக்கச் சொல்லி மூன்று தடவை பார்த்தேன். மூன்றாம் தடவை என் விரலிலேயே வந்து ஒட்டியது. அதைக் கழற்றினால் உள்ளே ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. நமக்கு ஹீட்டரே வேண்டாம் என்று ஒயரைப் பிரித்துச் சுற்றிவைத்து, லேத்தில் ஒரு மூடி கடைந்து, புது வளையம் போட்டு அந்த ஓட்டையை இறுக்கி அடைத்தார். கழற்றிய சாமானை அவர் விற்றுவிடக்கூடாது என்று கையோடு பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு நடை போய் வந்தாயிற்று, கோடு இறங்கவேண்டிய அளவுதான் இறங்குகிறது.

அந்தப் பையோடு அறந்தாங்கிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். தப்பு என்மேல்தான் என்று சொல்லி அழுதுவிட்டேன். உடையப்பன் அந்தச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வண்டி என்ன பாவம் பண்ணுச்சு, நாளைக்கே வந்து எடுக்குறேன் என்றான். சத்யாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்று கேட்டாள், நாளைக்கு ஒங்க வீட்ல ஏதாச்சும் கொறஞ்சா எனக்கும் சூடம் ஏத்துவீங்களா அத்தை என்று. ஏற்றமாட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என்னால் முடியவில்லையடா. பொய்யாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. இதுக்குப் பதில் சொல்லிட்டுத் தேதி குறிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ அவளுக்குப் போன் போட்டுச் சமாதானம் பேசாதே, கேள்வி எனக்கு வந்தது. வண்டி வாங்கும்போது ஹீட்டர் இருக்கிறது என்று உன்னிடம் சொன்னார்களா, சொல்லி நீ மறந்திருந்தால் மறைக்காமல் எழுது. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், பார்சல் பிரித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு. நோய்நொடி அண்டாமல் நீ நூறு வயது வாழவேண்டும். டேங்க் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன். மூங்கில் சிம்பு மட்டும் இன்னும் அரிசி டிரம்முக்குள்தான் இருக்கிறது, தினமும் கை அதன்மேல் படுகிறது. அதை எடுத்து அடுப்பில் வைக்கிற அன்று சத்யாவிடம் போய்ப் பதில் சொல்வேன்.

உன் அம்மா,
ப. பரிமளா