கதவில் விழுந்த பள்ளம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? அம்மாவின் முழங்கால் எப்படி? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நான் வரைந்த காரை முழு அளவில் களிமண்ணில் செய்து நிறுத்தியிருக்கிறோம். நேற்று நிர்வாகிகள் பார்க்க வருவதற்குச் சற்று முன், சாப்பிடாததால் லேசாகத் தலை சுற்றி, சூடாக்கி இளக்கிய மண்ணை அப்போதுதான் அப்பியிருந்த கதவின் மேல் சாய்ந்துவிட்டேன். விழித்தபோது தரையில் கிடந்தேன்; கூடத்தில் யாரும் இல்லை. கதவில் என் தோள் அளவுக்கு ஒரு பள்ளம். சீவிச் சரிசெய்வதற்குள் வந்துவிட்டார்கள்.

தலைமை நிர்வாகி பள்ளத்தைத் தடவிப் பார்த்து, "இந்த வளைவை இத்தனை நாளா எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றார். நான் சீவுளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

நாளைக்குள் மறுபக்கக் கதவிலும் அதே வளைவு வேண்டுமாம். காலையிலிருந்து சீவுகிறேன், வரவில்லை. எப்படி விழுந்தேன் என்று எனக்கே தெரியாதே. கடைசிவரை வராவிட்டால் பட்டினி கிடந்து மறுபடி விழ வேண்டியதுதான். சும்மா சொன்னேன் அப்பா.

தோள் வலிக்குத் தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள். நானே தடவிக்கொள்வேன்; முதுகுவரை என் கை எட்டும்.

கூப்பிடுகிறார்கள். அம்மாவிடம் வளைவை மட்டும் சொல்லுங்கள். மயக்கம் நமக்குள் இருக்கட்டும்.

உங்கள் மகள்