வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பது

இன்று காலை பாரிஸில், ரூ பெர்தொனே தெருவின் முனையில் ஒரு பழைய மொபிலெட் மோட்டார் சைக்கிள் நீலப் புகை விட்டுக்கொண்டு போனது. பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரிகிற அந்த வாசனை தெரு முழுக்க நின்றது. நகைக்கடை வாசலில் நின்ற ஒரு பெண் சால்வையால் மூக்கைப் பொத்தினாள். நான் நின்று மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அது என் பழக்கமல்ல, உன்னுடையது என்பது நினைவுக்கு வந்தது.

நீ போய் இது இரண்டாவது குளிர்காலம். நம் தமிழ்க் கடைகளின் லா சப்பல் அப்படியே இருக்கிறது. மெத்ரோ ரயில் தலைக்கு மேலே போகிறது, நாங்கள் கீழே போகிறோம். நான் புறநகர் செவ்ரானில் ரயில் ஏறி, அது சுரங்கத்துக்குள் காரணம் சொல்லாமல் நிற்கும்போது நின்று, கடைக்கு வந்து, கல்யாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அச்சடித்துவிட்டு, அதே சுரங்கத்தின் வழியாகத் திரும்பிப் போகிறேன். சுதந்திரமான நாட்டில் வாழ்கிறோம் என்று ஊரில் இருப்பவர்கள் நம்புகிறார்கள். நானும் மறுத்துச் சொல்வதில்லை.

உன்னுடைய நிலை என்னுடையதை விட ஒழுங்கானது. உணவகத்து நிலவறைச் சமையலறையில் சட்டி கிண்டிக்கொண்டிருந்த உனக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுபோயின. அதற்குப் பிறகு திங்கள், புதன், வெள்ளி என்று ஆஸ்பத்திரிக் கதிரையில் படுத்து, இடது கையில் ஊசியோடு, இரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகி உள்ளே வரும்வரை அசையாமல் கிடந்தாய். மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல நீ “மெசினுக்குப் போட்டு வாறன்” என்பாய். லண்டனில் தமக்கை மகளின் கல்யாணம், கனடாவில் சித்தப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை, எல்லாவற்றுக்கும் உனக்கு ஒரே பதில் இருந்தது. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை. உன் கயிற்றின் நீளம் அவ்வளவுதான்.

அந்தக் கதிரையில்தான் உனக்கு வியாதியின் மேல் இன்னொரு வியாதி வந்தது. கனடாவின் மேற்குப் பக்கம் இருக்கும் உன் மச்சினன் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். ஒருவன் மோட்டோநேஜ், அதாவது முன்னால் இரண்டு ஸ்கீச் சறுக்குப் பலகையும் அடியில் சுழலும் ரப்பர் பட்டியும் கொண்ட பனி வண்டி ஒன்றில், இடுப்பளவு பொடிப்பனியைக் கிழித்துக்கொண்டு மலையில் ஏறுகிறான். பாதை இல்லை, மதில் இல்லை, திரும்பி வரவேண்டிய நேரம் இருப்பதாகவும் தெரியவில்லை. நீ அதை வலது கையால் போட்டுப் போட்டுப் பார்த்தாய். அடுத்த வாரம் பழைய மோட்டோநேஜ் விற்பனை விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கினாய். மெசினில் நேரம் போக்குகிறாய் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு நாள் தேநீர்க் கடையில் வைத்துச் சொன்னாய்.

“மச்சான், நான் ஒரு மோட்டோநேஜ் வாங்கப்போறன்.”

“வாங்கி எங்கை விடுவாய்? செவ்ரானிலையோ?”

“பார்க்கிங் கிடக்குத்தானே.”

“ஓடுறது எங்கை?”

“அதைப் பிறகு பாப்பம். முதல்லை நல்லதா ஒண்டைத் தெரிஞ்செடுக்க வேணும்.”

நான் வாசிக்கிற பழக்கம் உள்ளவன். சட்டத்தைத் தேடி வாசித்துவிட்டு வந்து உனக்குச் சொன்னேன். பிரான்சில் பனிமலையில் பொழுதுபோக்குக்காக மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது. இதற்கென்று ஒதுக்கிய சில ஓட்டத் தடங்களில் ஓட்டலாம். மற்றபடி உச்சியில் இருக்கும் உணவகத்துக்குச் சீஸ் போன்ற சாமான் ஏற்றலாம், அடிபட்டவரைக் கீழே இறக்கலாம். சீஸுக்கும் முறிந்த காலுக்கும் உள்ள உரிமை சந்தோஷத்துக்கு இல்லை.

நீ தேநீரை ஒரு வாய் மட்டும் குடித்து மிச்சத்தை என் பக்கம் தள்ளினாய். உனக்குத் தண்ணீரும் அளவுதான்.

“அப்ப என்ரை காலை முறி” என்றாய்.

லா சப்பலில் பழைய வண்டி வாங்குகிற எவனும் குணம் அண்ணை இல்லாமல் வாங்குவதில்லை. அவர் மரக்கறி வான் ஓட்டுகிறவர். அவர் வந்து, எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, “எஞ்சின் நல்லம்” என்று சொன்னால் வாங்கலாம். சொல்லாவிட்டால் விற்கிறவன் சொந்தத் தம்பியாக இருந்தாலும் வாங்கக் கூடாது. அவர் சரி என்ற வான்கள் வழியில் நின்றதும் உண்டு. ஆனால் அவர் பார்க்காமல் வாங்கிய வான் நின்றால் குற்றம் வாங்கினவனுடையது, அவர் பார்த்து வாங்கியது நின்றால் குற்றம் வானுடையது. இந்த ஏற்பாட்டின் அருமை அதுதான்.

அதனால் ஆல்ப்ஸ் பக்கம் சவோய் மலையில் ஒரு உணவகக்கார அம்மா இரண்டு மோட்டோநேஜ் விற்கிறார் என்று நீ கண்டுபிடித்தபோது, குணம் அண்ணையின் வானில் சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். பின்னால் கத்தரிக்காய் வாசம். முன்னால் நாங்கள் மூவர். நீ வழி முழுக்க, தாகத்துக்கு அவ்வப்போது ஒரு ஐஸ்கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நீளப் பட்டி, உயரப் பற்கள், பாரம் குறைவு, பலம் அதிகம் என்று செபம்போலச் சொல்லிக்கொண்டு வந்தாய். மன்னார்க்காரன், கத்தோலிக்கன், செபம் உனக்கு வரும்.

மதாம் என்றே நாங்கள் அழைத்த அந்த அம்மாவின் கொட்டகையில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று அகலம், பாரம், பளபளப்பு, இரண்டு பேர் இருக்கலாம், பின்னால் பெட்டி கட்டக் கம்பி. மற்றது ஒடுங்கி, கீறல் விழுந்து, ஒருவர் மட்டும் இருக்கக்கூடியது. அதன் பட்டி வண்டிக்குப் பொருந்தாத அளவு நீளம். பட்டியில் விரல் நீளத்துக்கு ரப்பர் பற்கள்.

குணம் அண்ணை அகல வண்டியின் மேல் கையை வைத்தார்.

“இதுதான். பிடி நல்லம். பின்னுக்கு நாலு மூட்டை வெங்காயம் போகும்.”

“அண்ணை, ஆழமான ஸ்னோவிலை உது புதைஞ்சு போகும்.”

“மற்றது ஒடுக்கம் கண்டியோ. திருப்பத்திலை கவிழும்.”

“கவிழத்தான் வேணும் அண்ணை. சரிச்சுத்தான் திருப்புறது.”

“கவிழுற வண்டியைக் காசு குடுத்து வாங்குற ஒரே ஆள் நீதான்ரா.”

நான் மதாமிடம் பிரெஞ்சில் கேட்டேன். ஒடுக்கமான வண்டியை யார் ஓட்டினார்? என் கணவர், என்றார், இப்போது இல்லை. எதற்கு? உணவகத்துக்குச் சீஸ் கொண்டுபோக. கழுத்தளவு பனியில் பாதையே இல்லாமல் ஓடுவதற்கென்று செய்த வண்டியில் எதற்குச் சீஸ் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். “அவர் கொஞ்சம் சுற்றுப்பாதையில் கொண்டுபோவார்.” அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. அன்றிலிருந்து அந்த அம்மாமேல் எனக்குப் பெரிய மரியாதை.

நீ குந்தி இருந்து பட்டியின் பற்களை ஒவ்வொன்றாகத் தடவினாய். இருக்கைக்குக் கீழே உள்ள தகடு வளைந்திருக்கிறதா என்று கண்ணை வைத்துப் பார்த்தாய். எஞ்சின் வார் கருகிய மணம் வருகிறதா என்று மோந்தாய். ஆஸ்பத்திரியில் உன்னை எப்படிப் பார்த்தார்களோ அப்படியே பார்த்தாய். பிறகு நான் கேட்கத் தயங்கிய கேள்வியை நீயே உன் சமையலறைப் பிரெஞ்சில் கேட்டாய். ஓட்டிப் பார்க்கலாமா, சட்டம் இருக்கிறதே?

மதாம் யோசித்தார். “பொழுதுபோக்குக்கு ஓட்டக் கூடாது. வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பது வியாபாரம்.”

அது சட்டத்தில் இருக்கிறதா என்று நான் இன்றுவரை தேடவில்லை. தேடினால் இல்லாமல் போய்விடும்.

கொட்டகைக்குப் பின்னால் பனி சரிந்து விழாத ஒரு பள்ளத்தையும் அதன் சரிவையும் காட்டினார். வலது பெருவிரலால் வேக விசையை அமுக்க வேண்டும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். நிற்பதானால் மூக்கைக் கீழ்ப்பக்கம் திருப்பிவிட்டு நில். ஏறுமுகமாக நின்றால் மாட்டுவாய். மாட்டினால் விசையை அமுக்காதே, வண்டி தன் குழியைத் தானே தோண்டும்.

நீ போனாய். முதல் நூறு மீட்டர் ஒரு கிழவி தண்ணீர்க்குடம் கொண்டு போவதுபோலப் போனாய். பிறகு பெருவிரல் இறங்கியது. வெள்ளைப் புழுதி எழும்பி உன்னை மூடியது. ஒரு தலை மட்டும் பனிக்கு மேலே மிதந்துகொண்டு போனது. அந்த நீலப் புகை எங்கள் பக்கம் வந்தது. நீ கத்தியது கேட்டது. என்ன சொல் என்று தெரியவில்லை, சொல்லாக இருந்ததாகவும் தோன்றவில்லை.

அதன் பிறகு சரிவின் நடுவில், ஏறுமுகமாக, நின்றாய்.

எஞ்சின் அலறியது. வண்டியின் பின்பக்கம் கீழே போனது. இன்னும் அலறியது, இன்னும் கீழே போனது. மாட்டிக்கொண்டவன் முதலில் விசையைத்தான் அமுக்குகிறான். லா சப்பலில் எனக்குத் தெரிந்த எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு வேலையில் மாட்டினால் இரண்டாவது வேலை, அதிலும் மாட்டினால் மூன்றாவது.

மதாம் இரண்டு மண்வெட்டி தந்துவிட்டு உள்ளே அடுப்பைப் பார்க்கப் போனார். குணம் அண்ணை கால் சப்பாத்துக்கு மேலே மரக்கறிப் பைகளைக் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பளவு புதைந்து, ஒருவரையொருவர் இழுத்து, உன்னிடம் வந்து சேர்ந்தபோது சூரியன் எதிர் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. உன் இடது கையில் பாரம் விழக் கூடாது. அந்தக் கை போனால் ஊசி போட இடமில்லை. திங்கள் காலை உன் கதிரை உனக்காகக் காத்திருக்கும். எனக்கு வந்த பயத்தை நான் காட்டவில்லை. குணம் அண்ணை காட்டினார்.

“டேய், திங்கக்கிழமை மெசினடா! ஏன்ரா நடுவிலை நிண்டனி?”

நீ குழிக்குள் வண்டியின் மேல் சாய்ந்திருந்தாய். சுற்றிவர உன் தோளுக்கு மேலே வெள்ளை மதில்.

“பாக்க வேணும்போலை இருந்துது.”

“பாத்தியோ? இப்ப என்ன தெரியுது?”

“ஒண்டும் தெரியேல்லை அண்ணை. நல்லாயிருக்கு.”

“விசரோடா உனக்கு?”

“மச்சான்,” என்று நீ என்னைப் பார்த்துச் சொன்னாய், “இவ்வளவு காலமும் என்னை ஆரோ கொண்டுபோய் மாட்டினவங்கள். இது நானே போய் மாட்டுப்பட்டது.”

பிறகு வலது கையால் ஒரு பிடி பனி அள்ளினாய். நான் உன் கையைப் பிடித்தேன். அதுவும் தண்ணீர்தான். மலை முழுக்கத் தண்ணீர், உனக்கு அளவு.

“விடடா. இண்டைக்குக் குழம்பில்லாமச் சோறு தின்னுறன்” என்றாய். விட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டு தின்றாய். நற்கருணை வாங்குகிறவன்கூட இவ்வளவு மெதுவாக விழுங்கியதை நான் பார்த்ததில்லை.

நாங்கள் இருவரும் வண்டிக்கு முன்னால் பனியை மிதித்து இறுக்கினோம். ஸ்கீயைப் பிடித்து இழுத்தோம். வரவில்லை. கடைசியில் குணம் அண்ணை, வாழ்நாள் முழுக்க வான் தள்ளியவர், வண்டிக்குத் தோள் கொடுத்து அப்படியே பக்கமாகப் புரட்டினார். அது ஒரு முறை கவிழ்ந்து, மூக்கு கீழே பார்க்க எழுந்து நின்றது.

“சொன்னனானோ இல்லையோ, கவிழும் எண்டு” என்றார் திருப்தியோடு.

ஒற்றை விரலால் அமுக்கினாய். போய்விட்டது.

இரவுச் சாப்பாட்டு மேசையில் மதாம் கேட்டார், எடுக்கிறீர்களா என்று. நீ உண்மையாகவே யோசிக்கிறவன் போல நெற்றியைச் சுருக்கினாய். “இன்னும் ரெண்டு மூண்டைப் பாத்திட்டுச் சொல்லுறன்” என்பதை நான் மொழிபெயர்த்தேன். மெசினில் கிடக்கும்போது பேச முடியாது என்று என் இலக்கத்தைக் கொடுத்தாய். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாங்கினால் அது செவ்ரான் பார்க்கிங்கில் நிற்கும், ஓட்ட முடியாது. வாங்காதவரைக்கும்தான் ஓட்டலாம். இந்த நாட்டின் சட்டத்தை இவ்வளவு நுட்பமாக அனுபவித்தவனை நான் வேறு கண்டதில்லை.

திரும்பி வரும்போது வானில் நீ இடது கையைக் குணம் அண்ணையிடம் நீட்டினாய். ஊசி போடுவதற்காக இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் எப்போதும் தோலுக்கடியில் இரைந்துகொண்டே இருக்கும். அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். கண்ணை மட்டும் மூடவில்லை, நெடுஞ்சாலை.

“எஞ்சின் நல்லம்” என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் வேறு இரண்டு இடங்களுக்கும் வாங்கப் போனோம். எதுவும் உனக்குத் திருப்தியில்லை. எல்லாவற்றையும் ஓட்டினாய். தெருவில் மொபிலெட் புகை வந்தாலும் நின்று மூச்சிழுக்கத் தொடங்கினாய். கடைசி இடத்தில் மூக்கைக் கீழே திருப்பி நிறுத்தவும் பழகியிருந்தாய், அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அடுத்த பனி விழும் முன்னர் உன் எஞ்சின் நின்றது. குணம் அண்ணை நல்லம் என்று சொன்ன மற்ற வான்களைப் போலவே.

உன் மரண அறிவித்தலை நான்தான் அச்சடித்தேன். எங்கள் சனத்துக்கு அதில் இரண்டு ஊர் உண்டு. “மன்னாரைப் பிறப்பிடமாகவும் செவ்ரானை வதிவிடமாகவும் கொண்ட” என்றுதான் தொடங்கும். மூன்றாவதாக ஒரு சரிவைச் சேர்க்க வேண்டும்போல இருந்தது. நீயே தெரிந்தெடுத்துப் போன ஒரே இடம் அது. உன் தமக்கை எழுத்துப் பிழை பார்க்க வந்திருந்தார். சேர்க்கவில்லை.

போன வாரம் மதாம் அழைத்தார். ஒடுக்க வண்டி இன்னும் நிற்கிறது, உங்கள் நண்பர் முடிவெடுத்துவிட்டாரா என்று கேட்டார். அவர் இல்லை என்றேன். “என்னவரும் இல்லை. வண்டி இருக்கிறது” என்றார். “நீங்கள் வாங்குவதாக இருந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டும்.”

குணம் அண்ணையிடம் சொன்னேன். வெங்காய மூட்டையை இறக்கிக்கொண்டே கேட்டார்.

“அந்த ஒடுக்கமோ?”

“ஓம் அண்ணை.”

“கவிழும் எண்டு சொன்னனான்.”

“ஓம்.”

“எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?”

எனக்கு ஊசி இல்லை, கதிரை இல்லை, திங்கள் காலை என்னை எதிர்பார்க்கும் மெசின் இல்லை. கல்யாண அழைப்பிதழ்கள் மட்டும் இருக்கின்றன. ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் எனக்கென்று ஓர் இடத்துக்கு நான் போனதில்லை. நீ கட்டுண்டு கிடக்கிறாய் என்று உனக்காக இரங்கிக்கொண்டிருந்தவன் நான். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை, புகையைக் கண்டால் நின்று மூச்சிழுக்கும் பழக்கமும், மாட்டினால் அமுக்காதே என்ற ஒரு வரியும்.

சனிக்கிழமை அந்தச் சரிவின் நடுவில் போய் நிற்பேன். மூக்கை எந்தப் பக்கம் திருப்பி நிற்பது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.