ஸ்குரு வேண்டாத ஆபரேஷன்

குண்டூர் நாடு, கொல்லிமலை
தை 4

என் தேன்மொழிக்கு,

நீயும், சிங்கப்பூரில் நீ பார்த்துக்கொள்ளும் பெரியவரும் சுகமாக இருக்க வேண்டும். சேந்தமங்கலத்துச் சுமதி லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் சிக்னல் கிடைக்கும் பாறை வரைக்கும் இப்போது என்னால் நடக்க முடிவதில்லை. நாலு எட்டு வைத்தாலே கால் மரத்து உட்கார வேண்டியிருக்கிறது. அதை மறைக்கத்தான், நான் தோட்டத்து வேலையாக இருப்பதாக உன்னிடம் சொல்லும்படி தங்கச்சி அத்தாயியை அனுப்பினேன். அவளைத் திட்டாதே.

மிளகு இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. அத்தாயி வீட்டு மாப்பிள்ளை யுவராஜ் ஏணி ஏறிப் பறித்துக் கொடுக்கிறார்.

கார்த்திகையில் ஒரு நாள் தோட்டத்திலிருந்து வந்தபோது அத்தாயி வாசலிலேயே நிறுத்தி, "ஏனுங்கண்ணா, ஒரு செருப்பு எங்கீங்க?" என்றாள். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்கால். எங்கே கழன்றதென்று எனக்குத் தெரியவில்லை. பாதத்தில் கல் கிழித்து ரத்தம் வந்ததும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் பயந்தேன்.

நாமக்கல் டாக்டர் ஸ்கேன் பார்த்தார். இடுப்புக்கிட்ட நரம்பு போகிற வழி சுருங்கி, எலும்பு நரம்பை அழுத்துகிறதாம். அதை எடுத்துவிட்டு, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஸ்குரு போட்டு இணைக்க வேண்டும், மூன்று மாதம் குனியவே கூடாது என்றார். சேலத்து டாக்டரம்மாவோ, அழுத்துகிற எலும்பை மட்டும் எடுத்தால் போதும், மறுநாளே நடக்கலாம் என்றார். நீ இருந்திருந்தால் கூச்சப்படாமல் கேட்டிருப்பாய். உன்னை நினைத்துக்கொண்டு நானே கேட்டேன். "ஏனுங்கம்மா, அவரு ஸ்குரு வேணும்ங்கறாரு, நீங்க வேண்டாம்ங்கறீங்க. எதுங்க சரி?"

அவர் கோபப்படவில்லை. என்னைக் குனிய வைத்தும் நிமிர வைத்தும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். குனியும்போது எலும்பு வழுக்கி நகர்ந்தால் ஸ்குரு தேவைப்படும், நகராவிட்டால் வேண்டாம் என்றார். என்னுடையது நகரவில்லை. நாமக்கல் டாக்டரிடமும் படத்தைக் காட்டினேன், அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் தள்ளிப்போட்டால் பாதத்தின் பலம் போய்விடும் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். இதுவரை மரத்ததில் எவ்வளவு திரும்பி வரும் என்பது பிறகுதான் தெரியுமாம். மாசி இரண்டாம் தேதி சேலத்தில் ஆபரேஷன்.

கூட இருக்க அத்தாயி வருகிறாள். ஒன்றுக்கும் குறையில்லை.

வலது பக்கம் திரும்பிப் படுத்தால் வலி குறைகிறது. அந்தப் பக்கம் சுவர்தான் இருக்கிறது. நீ படுக்கிற பக்கம் திரும்பினால் கால் வரைக்கும் இழுக்கிறது. ஆனாலும் நீ போன இந்த மூன்று வருஷமாக உன் பக்கம்தான் திரும்பிப் படுக்கிறேன்.

ஆபரேஷனுக்கு மறுநாள் பிடித்து எழுப்பி நிற்க வைப்பார்களாம். ஊரார் வீட்டுப் பெரியவரை தினமும் எழுப்பி நடக்க வைக்கிற கை உன்னுடையது. அதற்குமேல் எழுத வரவில்லை.

அறப்பளீஸ்வரர் உன்னைக் காக்கட்டும். அந்த வீட்டில் பதினைந்து நாள் லீவு கேட்டுப் பார், கண்ணு. தராவிட்டால் வருத்தப்படாதே. கேட்டேன் என்று மட்டும் சொல், போதும்.

உன்
அர்த்தனாரி