எல்லாரையும் ஆட விடும் டீம்

வளவா,

மீன் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது.

கப்பு ஜெயிக்க வேண்டுமென்று கோச்சான நீயே, பெற்ற பெண்ணை டீமிலிருந்து எடுத்துவிட்டாய். கத்துக்கிற வயசுடா என்றதற்கு முறைத்தாய். இப்போது இசை, நிலக்கரி மைன்ஸ் ஓர கிரவுண்டில் தனியாகக் கோல் காக்கிறாள். நேற்று நானே பார்த்தேன். அவள் உதைத்துவிடும் பந்து ஆளில்லாத பக்கத்திலிருந்து திரும்பி வருகிறது.

எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை நான். "யாருடி உதைக்கிறது?" என்று அதட்டினேன்.

"இவங்கதான் தாத்தா. எல்லாரையும் ஆட விடுறாங்க. நாளைக்கு என்னைக் கூட்டிக்கினு போறாங்களாம்" என்று அந்த ஆளில்லாத பக்கத்தைக் காட்டினாள்.

இன்றைக்குத் தடுத்தும் நிற்காமல் போய்விட்டாள். பின்னாலேயே போகிறேன்.

குழம்பு ஆறினால் ஆறட்டும், ஓடி வா. டீமில் சேர்த்துவிட்டேன் என்று அவளிடம் சத்தமாகச் சொல். அவங்களுக்கும் கேட்கணும்.

அப்பா