செவலைக்கு நான் யாரோ

அன்புள்ள மாமாவுக்கு அம்சா எழுதுறது.

நீங்க, அத்த, நம்ம பாப்பா எல்லாம் சுகமா? நான் நல்லா இருக்கேன். கல்வராயன் மலையில டவரே எடுக்கல, அதான் கடுதாசி.

எண்ணெய் கம்பெனியில என்னை மைக்ரோவேவ் மெஷினுக்கு மாத்திட்டாங்க. பச்சை எலுமிச்சம்புல்லைத் தண்ணி ஊத்தாம வெச்சாப் போதும், புல்லோட ஈரமே கொதிச்சு எண்ணெயை வெளிய கொண்டாந்துடும். திங்கக்கிழமை குழாய் கழண்டு எண்ணெய் என் மேல கொட்டிடுச்சு. பயப்படாதீங்க, காயம் இல்ல. நாலு தடவ குளிச்சும் வாசனைதான் போகல.

தினம் என் கையால சோறு தின்ற செவலை நாய், அன்னிக்கு என்னை மோந்து பாத்துட்டு விலகிப் போயிடுச்சு. கேட்டாண்ட உக்காந்து, நான் வேலைக்கு வர்ற ரோட்டையே பாத்து ஊளையிடுது.

"இன்னா அம்சா, நீ இங்க நிக்கற, அது உன்னத் தேடிக்கினு இருக்குது?"ன்னு வாச்மேன் சடையண்ணன் கேட்டாரு.

பேரு சொல்லிக் கூப்ட்டேன். திரும்பி என் மூஞ்ச நல்லாப் பாத்துச்சு. மறுபடி ரோட்டப் பாத்து ஊளையிட்டுச்சு. மூணு நாளா சோறு திங்கல.

பஸ் கிளம்புது, டிரைவர்கிட்ட இதக் குடுக்கணும். பாப்பாவ என் நீலப் பொடவையிலதான தூங்க வெக்கிறீங்க? அதத் துவைச்சிடாதீங்க மாமா. பொங்கலுக்கு வரும்போது களமருதூர் ஸ்டாப்புக்கு எடுத்தாங்க. அதக் கட்டிக்கினுதான் வூட்டுக்குள்ள வருவேன்.

அம்சா